ஐயந்திரிபற

நிலக்கோட்டைக்கு அப்பால் உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீடு தேடி வந்தார். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் இறங்கிப் பூப்பறிப்பவர். நம்முடைய பழைய மாணவி ஒருத்தி வழி சொல்லி அனுப்பியிருந்தாள். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து நீட்டிய தாள்கட்டு, அவருடைய மகனுக்கு ஆயுள் தண்டனை விதித்த தீர்ப்பின் நகல்.

'தமிழ்லதான் எழுதியிருக்கு சார். ஆனா படிச்ச பிள்ளைகளுக்கே வெளங்கலங்குறாக.'

கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு வரியின் கீழே யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள். அரசுத் தரப்பு தன் வழக்கை ஐயந்திரிபற நிரூபித்துள்ளது என்று அந்த வரி சொன்னது. அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறவர்கள் நாம். தயங்காமல் 'சந்தேகமே இல்லாமன்னு அர்த்தம்மா' என்றோம். அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'யாருக்குச் சந்தேகம் இல்லாம?' என்று கேட்டார்.

அவருடைய மகன் குற்றம் செய்தவரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. தண்டிக்கப்பட்ட பிறகு ஒருவர் தம் குற்றமின்மையை நிறுவ வேண்டுமானால் எந்தெந்தப் படிகளில் ஏறவேண்டும் என்பதை, தமிழகம் நன்கறிந்த ஒரு பழைய வழக்கின் வழியாகவும் நம் ஊருக்கு அருகில் நடந்த ஒரு புதிய வழக்கின் வழியாகவும் எண்ணிப் பார்த்ததே இக்கட்டுரை.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நாம் அந்த அம்மையாரிடம் சொன்ன விளக்கம் பாதிதான் சரி. ஐயமும் திரிபும் ஒன்றல்ல. பழைய உரையாசிரியர்கள் இரண்டையும் பிரித்தே வழங்கினர். அந்தி மயங்கிய பொழுதில் தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று தெளிவின்றி நிற்பது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்றே உறுதியாகக் கொள்வது திரிபு. ஐயம் கொண்டவனுக்குத் தான் ஐயப்படுவது தெரியும். திரிபு கொண்டவனுக்குத் தெரியாது. அவன் தெளிவாக இருப்பதாகவே நினைப்பான், சத்தியமும் செய்வான். ஆங்கிலச் சட்டத்தின் தொடர் ஐயத்தை மட்டுமே விலக்குகிறது. நம் நீதிமன்றத் தமிழ் அதனோடு திரிபையும் விலக்கச் சொல்கிறது. மொழிபெயர்த்தவர் எவரோ, மூலத்தைவிட ஒரு படி மேலே போய்விட்டார். தவறான தண்டனைகள் பலவற்றில் சிக்கல் ஐயத்தில் இல்லை, திரிபில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ பெரும்பாலும் ஐயத்தையே தேடுகிறது.

திண்டுக்கல்லில் எண்பதைத் தாண்டிய பெரியவர்களிடம் தியாகராஜ பாகவதரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவருடைய குரலைப் பற்றிச் சொல்வார்கள். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் 'கொலைக் கேஸில் உள்ளே போனாரே' என்பதாக இருக்கும். விடுதலையானார் என்பதை நாம் நினைவூட்டினால் 'ஆமாம், பெரிய வக்கீல் வைத்துத் தப்பித்தார்' என்பார்கள். அவர் குற்றமற்றவர் என்று ஓர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, முக்கால் நூற்றாண்டு கடந்தும், 'தப்பித்தார்' என்ற ஒற்றைச் சொல்லாகவே மக்கள் நாவில் தங்கியிருக்கிறது.

வழக்கின் கதையை ராண்டார் கை முதலியோர் பலமுறை எழுதியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நமக்கு வேண்டியது அதன் சட்டப் பாதை மட்டுமே.

சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் நடிகர் நடிகைகளின் அந்தரங்கங்களை எழுதி வயிறு வளர்த்த பத்திரிகைக்காரர். முன்பே மோசடி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய்த் திரும்பியவர். 1943இல் 'சினிமா தூது' என்ற இதழைத் தொடங்கினார். அதற்குரிய உரிமத்தை நீக்குமாறு பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தனர். உரிமம் போயிற்று. லட்சுமிகாந்தன் 'இந்துநேசன்' என்ற வேறோர் இதழைக் கைப்பற்றி முன்னிலும் கடுமையாக எழுதலானார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். உடனே உயிர் போகவில்லை. அறிந்த வழக்கறிஞர் ஒருவரின் வீட்டுக்குப் போய், பிறகு அரசுப் பொது மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் விடியலில் இறந்தார்.

டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். நாயுடுவும் வேறு சிலரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவதூறு எழுதும் இதழுக்கு எதிராக அரசிடம் முறைப்படி மனுக் கொடுத்தவர்கள் இவர்கள். சட்டம் காட்டிய வழியில் நடந்ததே பின்னால் கொலைக்கு நோக்கம் இருந்ததற்கான அடையாளமாக எடுத்துவைக்கப்பட்டது. வெறுக்கக் காரணம் இருந்தது என்பதற்கும் கொல்லச் சொன்னார்கள் என்பதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சதி வழக்குகளில் அந்தப் பள்ளத்தை நிரப்புவது பெரும்பாலும் உள்ளேயிருந்த ஒருவனின் வாய்மொழிதான். சதி பேசியதற்குக் கண்ணால் கண்ட சாட்சி எங்கே கிடைக்கும்? 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே இதில் இரு குரலில் பேசியது. உடந்தையாளனின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதமன்று என்று 133ஆம் பிரிவு சொல்லும். வேறு ஆதாரம் துணைநில்லாவிட்டால் அவனை நம்பத்தகாதவனாகக் கருதலாம் என்று 114ஆம் பிரிவின் விளக்கம் சொல்லும்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் செஷன்ஸில், நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஜூரிகளுடன் நடந்தது. ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் ஒத்த கருத்தினராக இருந்து நீதிபதியும் அதை ஏற்றால் தண்டித்துவிடலாம் என்பது அன்றைய சட்டம். நாயுடுவுக்காக பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்து வாதாடினார்; நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று ஜூரிகள் பெரும்பான்மையாக முடிவு செய்தனர். 1945 மே 3 அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த நாட்களில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான அந்தப் படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது தமிழ்த் திரையுலகில் எல்லாரும் சொல்லும் செய்தி. அந்த மூன்றில் இரண்டு தீபாவளிகளின்போது அதன் நாயகன் சிறையில் இருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இனி மேல்முறையீடு. இதைப் புரிந்துகொள்ளச் சற்றே இங்கிலாந்து வரை போய்வர வேண்டும். அடால்ஃப் பெக் என்ற மனிதர் பெண்களை ஏமாற்றி நகைகளைக் கவர்ந்ததாக 1896இல் தண்டிக்கப்பட்டார். ஏமாந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து 'இவன்தான்' என்றனர். ஒருவருக்கும் ஐயமில்லை. சிறையிலிருந்து வெளியே வந்தவரை 1904இல் அதே போன்ற குற்றத்துக்காக மறுபடியும் தண்டித்தார்கள். அவர் சிறையில் இருந்தபோதே ஏமாற்று வேலை தொடர்ந்து நடக்க, உண்மையான ஆள் பிடிபட்டான். கயிறு பாம்பாகத் தெரிந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நாடே கொந்தளித்த பிறகு, 1907இல், குற்றவழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இங்கிலாந்தில் முதன்முதலாக ஏற்பட்டது. அதற்கு முன் ஜூரியின் தீர்ப்பை, பொருண்மை தவறு என்று சொல்லி எதிர்க்க அங்கே முறையான வழி இல்லை.

தன் குடிமக்களுக்கு 1907இல் திறந்த அந்தக் கதவை இங்கிலாந்து சென்னைக்குத் திறக்க மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் உயர் நீதிமன்றமே ஜூரியுடன் விசாரித்துத் தண்டித்த வழக்குகளில், சாட்சியத்தை மறுபடியும் எடைபோடச் சொல்லி மேல்முறையீடு செய்யும் உரிமை 1943ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்தால்தான் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்று ஒரு பிரிவைச் சொருகினார்கள். லட்சுமிகாந்தன் குத்தப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டு ஆண்டுகள் முன்னதாக அந்தக் கொலை நடந்து தண்டனையும் வந்திருந்தால், சாட்சிகள் சொன்னது நம்பத்தக்கதா என்று இன்னொரு முறை பார்க்கும்படி கேட்கவே பாகவதருக்கு வழி இருந்திராது. இந்த ஒரு செய்தி நமக்குப் பெரும் வியப்பை அளித்தது. குற்றமற்றவர்கள் குற்றமற்றவர்கள் என்பதால் விடுதலையாவதில்லை. அந்த நேரத்தில் ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதால் விடுதலையாகிறார்கள்.

கதவு திறந்திருந்தும் முதல் முறை உள்ளே விடவில்லை. தலைமை நீதிபதி லயனல் லீச்சும் நீதிபதி லட்சுமண ராவும் மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். அதற்குமேல் இருந்தது இலண்டனின் பிரிவி கவுன்சில். குற்றவழக்குகளில் அது சாதாரணமாகத் தலையிடாது. 1887ஆம் ஆண்டின் தில்லெட் வழக்கிலிருந்தே அதன் கொள்கை அதுதான்: நாங்கள் குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் அல்ல, நீதியின் அடிப்படையே குலைந்து பெரும் அநீதி நிகழ்ந்திருந்தால் மட்டுமே பார்ப்போம். அந்தக் குறுகிய வாசலுக்குள் பாகவதர், கிருஷ்ணன் வழக்கு நுழைந்தது. பிரிவி கவுன்சில் அவர்களை விடுவிக்கவில்லை. மேல்முறையீட்டை மறுபடியும் விசாரிக்குமாறு சென்னைக்கே திருப்பி அனுப்பியது. இம்முறை வி. எல். எத்திராஜ் வாதாடினார். நீதிபதி ஷஹாபுதீன் உள்ளிட்ட இருவர் அமர்வு, அரசுத் தரப்பின் அதே சாட்சியங்களைப் படித்து, அதே வழக்குக் கட்டைப் புரட்டி, இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்றது. 1947 ஏப்ரலில் வெளியே வந்தனர்.

இடைப்பட்ட காலத்தில் புதிய சாட்சி எவரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தாள் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. படித்த கண்கள்தாம் மாறின. முதல் மேல்முறையீட்டில் தெரியாதது இரண்டாவதில் எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு எத்திராஜின் திறமை ஒரு விடை. நமக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பிய கட்டு என்ற எண்ணமே, படிக்கிறவர் மனத்தில் 'இதில் ஏதோ இருக்கிறது' என்ற ஐயத்தை விதைத்திருக்கும். முதல் முறை படித்தவர்களுக்கு அந்த ஐயம் கிடைக்கவில்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். கிருஷ்ணன் சிறையிலிருக்க, டி. ஏ. மதுரம் நாடகமும் படமுமாகப் பணம் திரட்டினார். 'பைத்தியக்காரன்' படம் அப்படித் தொடங்கப்பட்டது, 1947இல் வெளிவந்தது. இலண்டன் வரை வழக்கை நடத்தத் தமிழகத்தின் முதல் நிலை நட்சத்திரங்களுக்கே இத்தனை பாடு. மேல்முறையீடு என்னும் கதவு எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறந்ததே இல்லை. வேறொரு திசையிலிருந்தும் இதைப் பார்க்கலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். அந்த வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அங்கே ஐயம் எவ்வளவு எளிதாகப் பிறந்தது என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் பாகவதர் நடித்து வெளிவந்தவை 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு', 'சிவகாமி' ஆகிய ஐந்தே படங்கள். கடைசிப் படம் அவர் இறந்த பிறகு வந்தது. பழைய ஒளி திரும்பவேயில்லை. கலைவாணர் ஓரளவு மீண்டு 'நல்லதம்பி', 'மணமகள்' என்று எழுந்து நின்றார். ஆனால் 1957 ஆகஸ்டில் கலைவாணரும் 1959 நவம்பரில் பாகவதரும் மறைந்தபோது இருவருக்கும் ஐம்பது வயது நிறையவில்லை. நட்டஈடு என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. இன்றும் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. காரணமின்றிக் கைது செய்யவைத்தவனிடமிருந்து அதிகபட்சம் 1,000 ரூபாய் வாங்கித் தரலாம் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 358ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் எண் மாறியதே தவிரத் தொகை மாறவில்லை. தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு நட்டஈடு தர ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை இருக்கிறது.

ஜூரியும் பிரிவி கவுன்சிலும் போய்விட்டன. இப்போது எல்லாம் செம்மையாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் ஆறு மனிதர்களின் கதையைச் சொல்ல வேண்டும். நாடோடிக் குலத்தைச் சேர்ந்தவர்கள். 2003இல் நாசிக் பகுதியில் நடந்த கொடிய கொலை வழக்கில் ஆறு பேருக்கும் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றமோ அந்த மூவருக்கும் மறுபடியும் மரண தண்டனையே விதித்தது. நாட்டின் கடைசி நீதிமன்றம் சொல்லிவிட்டால் அதற்குமேல் ஏது? சீராய்வு மனு ஒன்று உண்டு. ஆனால் அதை நீதிபதிகள் தம் அறைக்குள் தாளைப் புரட்டி முடித்துவிடுவதே வழக்கம். வழக்கறிஞரின் குரல் அங்கே கேட்காது. மரண தண்டனைச் சீராய்வுகளைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் வேறொரு வழக்கில் தீர்ப்பாயிற்று. அந்தக் கதவு வழியாக இந்த ஆறு பேர் உள்ளே வந்தனர். 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. உயிர் பிழைத்த சாட்சி, போலீஸ் ஆல்பத்தில் வேறு நால்வரைத்தான் முதலில் அடையாளம் காட்டியிருந்தார் என்பதும், அவர்களைப் பற்றிப் புலனாய்வே நடக்கவில்லை என்பதும் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு பொருட்படுத்தப்பட்டன. ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் தரச் சொன்னார்கள். அவர்களுள் ஒருவர் குற்றம் நடந்த நாளில் பதினெட்டு வயது நிரம்பாதவர்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி, கம்பம் என்று மேற்கே போனால் சுருளி அருவி. 2011 மே மாதத்தில் அங்கே போன இளம் காதலர் இருவர் வீடு திரும்பவில்லை. சில நாட்களில் காட்டுக்குள் உடல்கள் கிடைத்தன. இந்தப் பகுதியையே உலுக்கிய கொலை அது. ஒருவர் கைதானார். 2018இல் தேனி அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவரை விடுவித்தது. சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலியின் கண்ணிகள் இணையவில்லை. மரபணுச் சோதனைக்கு எடுத்த மாதிரிகள் யாரிடமிருந்து யாரிடம் எப்போது போயின என்பதற்குச் சீரான கணக்கு இல்லை.

மரபணுச் சோதனை என்றாலே நமக்கு ஓர் அச்சம் கலந்த பக்தி உண்டு. அறிவியல் பொய் சொல்லாது என்போம். சோதனைக்கூடத்தில் கருவி பொய் சொல்லாமலிருக்கலாம். புட்டியில் அடைத்தவர், முத்திரையிட்டவர், பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனவர், அலமாரியில் கிடத்தியவர் எல்லாரும் மனிதர்களே. அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது: மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் சோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி முத்திரையை உடைக்கக் கூடாது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும். பலசரக்குக் கடைக்காரர் கூட வைத்திருக்கும் பதிவேடு அது. தவறாகச் சிறையிருந்தவர்களுக்கு நட்டஈடு தரும் சட்டத்தைப் பற்றி நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்கலாம் என்றும் அமர்வு குறிப்பிட்டது.

தீர்ப்பு வந்த வாரத்தில் வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் நமக்கு முன் இருக்கையில் இருவர் நாளிதழை வைத்துக்கொண்டு பேசினர். 'கடைசியில தப்பிச்சுட்டான்ப்பா.' பாகவதரைப் பற்றிக் கேட்ட அதே சொல். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. கொல்லப்பட்ட இருவரின் பெற்றோருக்குப் பதினான்கு ஆண்டுகளாக ஒரு விடை இருந்தது; அன்று அது பறிபோயிற்று. தவறான தண்டனை, தண்டிக்கப்பட்டவனுக்கு மட்டும் இழைத்த தீங்கன்று. இறந்தவர்களின் வீட்டாருக்கும் அது தீங்கு. அவர்களுக்கு உண்மைக்குப் பதிலாக ஓர் ஆளைக் கொடுத்து ஆற்றிவைக்கிறது. 'ஆதாரம் போதவில்லை என்பதற்காக விட்டதை வைத்து நிரபராதி என்று எப்படிச் சொல்வது' என்று நண்பரொருவர் வாதிட்டார். அப்படியானால் ஆதாரம் போதாமலேயே ஏழாண்டு தூக்குக் கயிற்றின் நிழலில் வைத்திருந்ததற்கு என்ன பெயர் என்று கேட்டோம். வாதம் அத்தோடு நின்றது. யார் வென்றார் என்று சொல்ல முடியாது.

இந்த வழக்கில் ஒரு முரண் உண்டு. மரண தண்டனை என்றால் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும். வழக்குக் கட்டு தானாகவே மதுரைக்குப் போய்விடும். ஆயுள் தண்டனை பெற்றவனின் கட்டு தானாக எங்கும் போகாது. அறுபது நாட்களுக்குள் அவனோ அவன் வீட்டாரோ மேல்முறையீடு செய்ய வேண்டும். தூக்குமேடைக்கு அருகில் இருப்பவனைச் சட்டம் பலமுறை திரும்பிப் பார்க்கிறது. உயிரோடு சிறையில் மட்கிப் போகிறவனை அவன் கூப்பிட்டால்தான் பார்க்கிறது. கூப்பிட முடியாத ஏழைக்கு இலவச வழக்கறிஞரும் தீர்ப்பின் நகலும் தருவது அரசின் கடமை என்று 1978இல் ஹாஸ்கட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். சட்ட உதவி ஆணைக்குழுக்கள் இன்று மாவட்டந்தோறும் இருக்கின்றன. 2004இல் மதுரைக் கிளை வந்த பிறகு திண்டுக்கல்காரர்கள் சென்னைக்கு இரவு இரயில் பிடிக்க வேண்டியதில்லை. அரப்பாளையத்தில் இறங்கி ஒத்தக்கடைக்குப் பேருந்து மாறினால் போதும். இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்களே. ஆனால் மேலே போகப் போக மொழி மாறிவிடுகிறது. கீழே தமிழில் தண்டனை பெற்றவனுடைய விதி மேலே ஆங்கிலத்தில் பேசப்படும்.

மதுரை என்றதும் தமிழாசிரியருக்கு வேறொரு வழக்கு நினைவுக்கு வராமலிராது. கோவலனைத் தண்டித்தது ஐயத்தினால் அன்று, திரிபினால். பொற்கொல்லனின் ஒரு சொல், ஒத்துப்போன ஒரு சிலம்பு, விசாரணை இல்லை. கண்ணகி நடத்தியது தண்டனைக்குப் பிந்தைய வாதம்தான். தண்டனை நிறைவேறிவிட்டது என்பது ஒன்றே வேறுபாடு. அவள் வென்றதற்குக் காரணம் அவளுடைய கற்பு மட்டுமன்று என்று வகுப்பில் சொல்வது நம் வழக்கம். குற்றத்துக்குச் சான்றாகக் கொண்ட சிலம்பு அழிக்கப்படாமல் அரண்மனையிலேயே இருந்தது; கேட்டதும் அரசன் கொண்டுவரச் சொன்னான்; உடைத்ததும் உள்ளே முத்து இல்லை, மாணிக்கம் இருந்தது.

அந்த அம்மையாரின் கையிலிருந்த தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் அன்று நாம் படித்துக் காட்டினோம். சான்றுப் பொருள்களின் பட்டியல்: இரத்தக் கறை படிந்த மண், கறை படியாத மண், ஒரு கைலி, ஒரு கட்டம்போட்ட சட்டை. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அவற்றை அழித்துவிடலாம் என்று உத்தரவு. இது எல்லாத் தீர்ப்புகளிலும் வழக்கமாக வரும் வாசகம். இடமில்லாத கிடங்குகளில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

'அந்தச் சட்டை இவன் சட்டையே இல்ல சார். அத திருப்பிக் கேட்டுப் பாக்கலாமா?'

திருப்பித் தரமாட்டார்கள், ஆனால் மேல்முறையீடு போட்டுவிட்டால் முடிவாகும் வரை அழிக்கமாட்டார்கள் என்று சொன்னோம். தீர்ப்புத் தேதியைப் பார்த்து நாட்களை எண்ணினோம். அறுபதில் நாற்பத்தொன்று போயிருந்தது. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நீதிமன்ற வளாகத்தில் எந்தக் கட்டடம் என்று தாளின் பின்புறம் படம் வரைந்து காட்டினோம். பணம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்; ஆகாது என்றோம்; நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். மறுநாள் திங்கள். பூப்பறித்துக் கொடுத்துவிட்டு ஏழரைப் பேருந்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, கட்டை மறுபடியும் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.